லென்ஸுக்குள் ஓடிய கடிகாரம்

அப்பாவை உட்கார வைத்து அவருடைய பழைய கதைகளைச் சொல்லச் சொல்லிப் படம்பிடித்தேன். முழுதாக ஒரு மணி நேரம். சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை அடுத்த அறையில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். எடுத்து முடித்து அவருக்கே போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்திலேயே கேட்டுவிட்டார்: "பின்னாடி என்னடா கடிகாரம் ஓடுது?"

அந்த அறையில் கடிகாரமே கிடையாது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் பேச்சு சூடுபிடித்து முன்னால் சாயும்போது ஒரு 'டிக்டிக்டிக்'. நாற்காலியில் சாய்ந்துகொள்ளும்போது இன்னொன்று. நடுநடுவே மெல்லிசாக ஒரு 'கிர்ர்'. கேமரா அவர் முகத்தைத் துரத்தித் துரத்தி ஃபோகஸ் செய்துகொண்டிருந்த சத்தம். எடுக்கும்போது என் காதில் விழவே இல்லை. கேமராவுக்குள் இருந்த மைக் மட்டும் ஒன்றைக்கூட விடவில்லை.

மென்பொருளில் நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில். பேச்சில் 'ச', 'ட', 'ஸ' போன்ற மெய்களின் உரசலிலும் வெடிப்பிலும் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கிறது. என் லென்ஸின் டிக்கும் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. டிக்கை எடுத்தால் அப்பாவின் 'ச'வும் கூடவே போனது. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர் மாதிரி ஆகிவிட்டார். அந்த முயற்சியை அத்தோடு விட்டேன்.

வேறு லென்ஸ் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் வேலையில் சில வருஷங்கள் குப்பை கொட்டியவன் நான். சத்தம் போடும் எதைப் பார்த்தாலும் 'இது எந்தப் பொருளால் ஆனது' என்ற கேள்விதான் முதலில் வரும். அதே மாடலில் உள்ளே பூஞ்சை பிடித்துப்போன லென்ஸ் ஒன்றும் பெட்டியில் கிடந்தது. திறந்து பார்த்துக் கெட்டுப்போனாலும் நஷ்டம் இல்லை.

இந்தச் சத்தம் ஒரு பிரச்சினையாக மாறியதே பிற்பாடுதான். 1985இல் மினோல்ட்டா 7000 வந்தபோது ஃபோகஸ் மோட்டார் கேமராவின் உடம்புக்குள் இருந்தது. ஒரு சின்னத் தண்டு லென்ஸுக்குள் நுழைந்து கியர்களைச் சுழற்றும். 'விர்ர்ர்' என்று இரையும். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் புகைப்படத்துக்குக் காது இல்லை. 1987இல் கேனான் தன் ஈஓஎஸ் வரிசையில் மோட்டாரை லென்ஸுக்கே மாற்றியது. 2008இல் நிக்கான் டி90, அதையடுத்து கேனான் 5டி மார்க் 2 என்று லென்ஸை மாற்றி மாட்டும் எஸ்எல்ஆர் கேமராக்கள் வீடியோ எடுக்கத் தொடங்கின. அதுவரை வாய்க்கு வந்தபடி இரைந்துகொண்டிருந்த லென்ஸ்கள் எல்லாம் ஒரே நாளில் மைக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

என் லென்ஸுக்குள் இருந்தது ஸ்டெப்பர் மோட்டார். இது கடிகார முள்ளைப் போலப் படிபடியாகத்தான் நகரும். சுற்றுக்கு 20 படி என்ற வகை மிகச் சாதாரணம். விநாடிக்கு 1,000 படி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 தடவை தண்டைச் சற்றே இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி விடுகிறது. ஆகவே 1,000 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம். அதன் மடங்குகளான 2,000, 3,000, 4,000இலும் குட்டி ரீங்காரங்கள். அப்பாவின் 'ச' குடியிருக்கும் தெரு. மின்னோட்டத்தைப் படிக்கட்டு மாதிரி கொடுக்காமல் வளைவாக ஏற்றி இறக்கினால் இந்த உதைப்பு பெருமளவு குறையும். நல்ல லென்ஸ்கள் அதைச் செய்கின்றன. அது மின்னணுக்காரர்களின் வேலை, என் கை எட்டாத இடம். என் கைக்கு எட்டியது, அந்த உதைப்பு எந்த வழியாகப் போய் எதைத் தட்டி எழுப்புகிறது என்பது.

கைபேசியை அதிரும் நிலையில் வைத்து மேசை மேல் போட்டுப் பாருங்கள், 'டுர்ர்' என்று அறையே கேட்கும். அதே போனைத் தலையணை மேல் வைத்தால் முனகல்தான். மோட்டார் அதேதான், அதிர்வும் அதேதான். தம்மாத்துண்டு மோட்டாரால் காற்றை நேரடியாகத் தள்ளிச் சத்தம் எழுப்ப முடியாது. அதற்கு ஒரு பலகை வேண்டும். மேசைப் பலகை அதற்கு ஒலிபெருக்கியாக வேலை செய்கிறது.

லென்ஸுக்குள் எந்தப் 'பலகை' பாடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி உண்டு. விளையாட்டுச் சாமான்களில் 'பீப்' அடிக்கும் பித்தளை வில்லை இருக்கிறதே, பீசோ வில்லை, அதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். அதிர்வு பட்டால் மின்னழுத்தம் தரும். இரட்டைப் பக்க ஒட்டுநாடாவில் அதை இடம் மாற்றி மாற்றி ஒட்டி, ஒலிப்பதிவுக் கருவியில் சொருகி, ஃபோகஸை முன்னும் பின்னும் ஓட விட்டு, வந்த பதிவை அதிர்வெண் வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். வெளி உறையில் ஒட்டியபோது மிதமான சத்தம். மோட்டாரை ஒட்டியபோது, எதிர்பார்த்ததுபோல, நிறைய. எல்லாவற்றையும் மிஞ்சியது மோட்டார் திருகப்பட்டிருந்த தட்டையான தகட்டுத் தாங்கிதான். மோட்டாரிடம் சின்னச் சின்ன முட்களாக இருந்தவற்றில் ஒன்று மட்டும் தகட்டில் பனைமரமாக நின்றது. மோட்டாரின் படிகளில் ஏதோ ஒரு மடங்கு தகட்டின் சொந்த அதிர்வெண்ணோடு மோதிக்கொண்டிருந்தது. ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் விரல் நுனியே போதும் என்பதுபோல.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன்.

உலோகம் சத்தம் போடும், ரப்பர் சத்தம் போடாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஸ்டீல் கரண்டியைத் தரையில் போட்டால் 'ணங்ங்ங்' என்று இழுக்கும், பிளாஸ்டிக் கரண்டி 'டக்' என்று அடங்கிவிடும். இதற்கு ஒரு அளவுகோலும் உண்டு. இழப்புக் குணகம் என்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எவ்வளவு ஆற்றலைப் பொருள் தனக்குள்ளேயே சூடாக மாற்றி விழுங்குகிறது என்பதைச் சொல்லும் எண். எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் அது 0.001க்கும் கீழே. பாலிகார்பனேட் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 0.01 சுற்றுவட்டாரத்தில். அதிர்வை விழுங்குவதற்கென்றே செய்த ரப்பர்களில் 1ஐக்கூட எட்டும். மூன்று சைபர் வித்தியாசம். இதற்கு மேல் என்ன யோசனை? அரை மில்லிமீட்டர் ரப்பர் தாள் ஒன்றை நறுக்கி மோட்டார்த் தாங்கிக்கு அடியில் வைத்து, பழைய திருகுகளைப் போட்டு நன்றாக முறுக்கி மூடினேன்.

வரைபடத்தில் பனைமரம் இடம் மாறி, முன்னைவிட உயரமாக நின்றது. ஃபோகஸும் ஒரு இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் தேட ஆரம்பித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஏன் இப்படி ஆயிற்று என்று புரிந்துகொள்ள இரண்டு இரவுகள் பிடித்தன. ரப்பர் மேல் உட்கார்ந்த மோட்டார், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த எடை. அதற்கென்று புதிதாக ஒரு சொந்த அதிர்வெண் வந்துவிடுகிறது. வரும் அதிர்வு அந்த அதிர்வெண்ணைப்போல 1.4 மடங்குக்கு மேலே இருந்தால்தான் ரப்பர் தடுக்கும். அதற்குக் கீழே எதையும் தடுக்காது. அதிலும் சொந்த அதிர்வெண்ணுக்கு அருகில் வந்தால் பெருக்கிக் கொடுக்கும். எடை அழுத்தி ரப்பர் 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் சொந்த அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். 0.01 மில்லிமீட்டர்தான் அமிழ்ந்தால் சுமார் 160. சில கிராம் எடையுள்ள மோட்டார் எந்த ரப்பரைப் பெரிதாக அமுக்கிவிடப் போகிறது? அதோடு நான் திருகை வேறு முறுக்கி ரப்பரைப் பிதுக்கியிருந்தேன். அமுங்கிய ரப்பர் இன்னும் விறைப்பாகும். அந்த விறைப்பு, சொந்த அதிர்வெண்ணை மோட்டாரின் பாட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டிருந்தது. திருகோ உலோகம். தலை தாங்கியைத் தொடுகிறது, புரி அடித்தளத்தைத் தொடுகிறது. அதிர்வுக்கு ராஜபாட்டை. ஆற்றுக்கு அணை கட்டிவிட்டுப் பக்கத்திலேயே வாய்க்காலும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் மென்மையான ரப்பர் போட்டால்? போடலாம். மோட்டார் தூங்கி வழியும். கண்ணாடியைத் தள்ளும் திருகாணித் தண்டு அந்த மோட்டாரின் நீட்சிதான். அது ஒரு முடி அளவு சாய்ந்தாலும் கண்ணாடி எங்கே நிற்கிறது என்ற கணக்கு தவறும். கேமரா போதாதென்று திரும்பத் தள்ளும், அதிகமென்று திரும்ப இழுக்கும். லென்ஸ் செய்பவர்களுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு ரப்பர் கால் போடுபவர்களுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். அங்கே இயந்திரம் கொஞ்சம் ஆடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே ஆடக்கூடாத பொருளை ஆடாமலே சத்தமில்லாமல் வைக்க வேண்டும்.

ரப்பரில்கூட 'ரப்பர்' என்ற ஒரே பொருள் கிடையாது. இயற்கை ரப்பர்ப் பந்தைத் தரையில் போட்டால் துள்ளும். பியூட்டைல் ரப்பர்ப் பந்து அறை வெப்பத்தில் 'தொப்' என்று விழுந்து கிடக்கும். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு. துள்ளும் ரப்பர் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது, துள்ளாதது விழுங்கிவிடுகிறது. நான் நறுக்கிப் போட்டது எந்த வகை என்றுகூடப் பார்க்கவில்லை. துள்ளாத வகைக்கும் ஒரு கோளாறு உண்டு. வெப்பநிலை இறங்கினால் அது விறைத்துக்கொள்ளும், அறையில் கச்சிதமாக இருந்தது பனியில் கல்லாகும். சிலிக்கோன் ரப்பர் குளிரையும் சூட்டையும் அவ்வளவாகச் சட்டை செய்யாது, ஆனால் பொதுவாக விழுங்கும் திறன் குறைவு.

ரப்பரை எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். பொருள்களைத் தேர்ந்தவர் யாரோ, நிறைய யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

நகரும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டம் பிளாஸ்டிக். அது சறுக்கிப் போகும் இரண்டு கம்பிகள் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகு. ஒரு கம்பி சட்டத்தின் துளைக்குள் போகிறது, மற்றது 'ப' வடிவப் பள்ளத்துக்குள். சட்டம் சுழன்றுவிடாமல் இருக்க இரண்டாவது, வழிகாட்ட முதலாவது. ஏன் பிளாஸ்டிக் மேல் எஃகு? எஃகு மேல் எஃகு என்றால் எண்ணெய் இல்லாமல் கீச்சிடும். சரி, பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் என்றால்? அதுவும் கீச்சிடும். தொழிற்சாலையில் இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். அசிட்டால் என்று சொல்லும் பாலிஆக்சிமெத்திலீன் சறுக்குவதற்கு அருமையான பிளாஸ்டிக். சின்னக் கியர்களில் பாதி அதுதான். 'அசிட்டால் நல்லது, இரண்டு பக்கமும் அதையே போடுவோம்' என்று ஒரு முறை போட்டோம். எலிக்குஞ்சு மாதிரி கீச்கீச்சென்று கத்தியது. ஒன்றை மாற்றி வேறு பிளாஸ்டிக் போட்டதும் வாய் மூடியது. ஒரே பொருள் தன்னோடு தானே உரசும்போது ஒட்டிக்கொள்ளும் ஆசை அதிகம்.

கீச்சு பிறக்கும் விதமே அப்படித்தான். இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. தள்ளும் விசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நழுவுகிறது. மறுபடி ஒட்டுகிறது, மறுபடி நழுவுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடந்தால் கீச்சு. நின்றிருக்கும்போதுள்ள உராய்வு, ஓடும்போதுள்ள உராய்வைவிடக் கூடுதலாக இருப்பதுதான் காரணம். இந்த இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் அபூர்வப் பொருள் டெஃப்லான், ஆகவே ஒட்டி நழுவும் ஆட்டம் அதனிடம் செல்லாது. ஆனால் டெஃப்லானால் முழுப் பாகத்தைச் செய்தால் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து வடிவம் இழந்துவிடும். அதனால் அசிட்டாலுக்குள் டெஃப்லான் துகளைக் கலந்து வார்க்கிறார்கள்.

கையால் சுழற்றும் பழைய லென்ஸ்களின் ஃபோகஸ் புரிகளில் ஒரு பக்கம் பித்தளையும் மறு பக்கம் அலுமினியமுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் அலுமினியம் என்றால் ஒன்றையொன்று கடித்துப் பிய்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு முந்திய தலைமுறையும் அதே பாடத்தை வேறு பொருள்களில் படித்திருக்கிறது.

கியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேனான் 2012இல் எஸ்டிஎம் என்ற பெயரில் ஸ்டெப்பர் மோட்டார் லென்ஸ்களைக் கொண்டுவந்தபோது இரண்டு விதமாகச் செய்தது. 18-135 மி.மீ. ஜூமில் மோட்டார்த் தண்டே திருகாணியாகிக் கண்ணாடியை நேராகத் தள்ளும். 40 மி.மீ. எஃப்/2.8 போன்ற தட்டை லென்ஸ்களில் இடம் போதாது, அதனால் கியர்கள். ஒரே பெயர், ஒரே வகை மோட்டார். கியர் வைத்தது கூடுதலாக இரைந்தது. ஒவ்வொரு பல்லும் அடுத்த பல்லைத் தொடும்போது ஒரு சின்னத் தட்டு, திசை மாறும்போது இடைவெளியைத் தாண்டி ஒரு பெரிய தட்டு.

'அப்படியானால் பல்லை மென்மையாக்கு' என்று தோன்றும். நைலான், அசிட்டாலைவிட மென்மையாகத் தட்டும், உண்மைதான். ஆனால் நைலான் ஈரம் குடிக்கும். நைலான் 6 சாதாரண ஈரக்காற்றிலேயே தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சி ஊதும். அசிட்டால் 0.2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். பருத்த பல் இறுகும். அதற்கு இடம் விட்டு இடைவெளியைக் கூட்டினால், காய்ந்த நாளில் லொடலொடக்கும். அசிட்டாலுக்கு ஈரம் பிரச்சினை இல்லை, வெப்பம் பிரச்சினை. 10 மில்லிமீட்டர் அசிட்டால் துண்டு 30 டிகிரி ஏறினால் சுமார் 33 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 33 பங்கு, நீளும். அதே அளவு அலுமினியம் 7 மைக்ரான்தான். அலுமினியச் சட்டத்துக்குள் அசிட்டால் கியர் என்றால் இந்த வித்தியாசம் முழுவதும் பல்லிடைவெளியில் வந்து விழும். அமைதியான பொருள் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு வெப்பம், எந்த அதிர்வெண் என்று கேட்காமல் எந்தப் பொருளுக்கும் நற்சான்று தர முடியாது என்பதுதான் இத்தனை நாள் திருகு கழற்றியதில் எனக்குத் தெரிய வந்தது.

இதற்கு மிக விசித்திரமான சாட்சி அல்ட்ராசோனிக் மோட்டார். தோஷியிக்கு சஷிதா என்ற ஜப்பானியர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய நகரும் அலை மோட்டார் வகையைக் கேனான் 1987இல் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் போட்டது. உலகிலேயே முதல் தடவை. ஒரு உலோக வளையம், அதன் அடியில் ஒட்டிய பீசோ பீங்கான். பீங்கான் சுருங்கி விரிந்து வளையத்தில் ஒரு அலையை ஓட விடுகிறது. அலையின் உயரம் மைக்ரான் கணக்கில்தான். அதன் மேல் அழுத்தி வைத்த இன்னொரு வளையத்தை அந்த அலையின் முகடுகள் உராய்ந்து உராய்ந்து நகர்த்துகின்றன. கம்பளிப்பூச்சியை மல்லாக்கப் போட்டு அதன் மேல் இலையை வைத்த மாதிரி.

மற்ற மோட்டார்களில் அதிர்வு வேண்டாத விருந்தாளி. இதில் அதிர்வுதான் மோட்டாரே. அதிரும் வளையத்துக்கு ரப்பர் போன்ற, ஆற்றலை விழுங்கும் பொருளைப் போட்டால் அலை பிறந்த இடத்திலேயே செத்துவிடும். ஆகவே அதற்கு வேண்டியது மணி மாதிரி ஒலிக்கும் உலோகம்: துருப்பிடிக்காத எஃகு, பாஸ்பர் வெண்கலம் போன்றவை. நான் முதல் நாள் 'சத்தம் போடும் பொருள்' என்று ஒதுக்கிய அதே ஜாதிதான், அமைதிக்குப் பேர்போன மோட்டாரின் நெஞ்சில் இருக்கிறது. அது கத்திக்கொண்டேதான் இருக்கிறது. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்துவதால் நமக்குக் கேட்பதில்லை.

அதற்கு அடியில் பார்த்தால் இன்னும் அழகு. வளையத்தை அழுத்தும் ஸ்பிரிங்குக்கும் வளையத்துக்கும் நடுவே ஃபெல்ட் வைத்திருப்பார்கள். கம்பளித் துணி மாதிரி, நெய்யாமல் அமுக்கிச் செய்த வளையம். அழுத்தம் எல்லா இடத்திலும் சீராகப் போக வேண்டும், ஆனால் அதிர்வு மட்டும் உறைக்குள் இறங்கக் கூடாது. மேலே உராயும் பரப்பு வேறு பொருள், அது சீராகத் தேய வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து மேடுபள்ளமானால் வளையம் சரியாகப் பொருந்தாது, காதுக்கு எட்டும் கீச்சு கிளம்பும். பழைய அல்ட்ராசோனிக் லென்ஸ்கள் வயதானபின் கீச்சிடுவதை நீங்களும் கேட்டிருக்கலாம். ஒரு சாண் வளையத்துக்குள் ஒலிக்கும் உலோகம், விழுங்கும் ஃபெல்ட், தேய்வதற்கென்றே ஒரு பரப்பு. மூன்றையும் இடம் மாற்றி வைத்தால் எதுவும் ஓடாது.

இப்போது நிறைய லென்ஸ்களில் நேர்கோட்டு மோட்டார். காந்தமும் சுருளும் மட்டும், கியர் இல்லை, திருகாணி இல்லை. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் அதே ஏற்பாடு. சத்தம் ஏறத்தாழ இல்லை. ஆனால் மின்சாரம் இல்லாதபோது கண்ணாடியைப் பிடித்து வைக்கவும் யாரும் இல்லை. கையில் எடுத்து ஆட்டினால் 'கடக் கடக்' என்று உள்ளே உருளும். உடைந்துவிட்டது என்று பதறித் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு, அதில் என் நண்பனும் ஒருவன். அந்த லென்ஸ்களிலும் சறுக்கும் கம்பிக்கும் துளைக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நகராது. அந்த இடைவெளியில் சட்டம் தாளம் போடாமல் இருக்க எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தி வைப்பார்கள், ஸ்பிரிங்கால் அல்லது காந்தத்தின் இழுப்பால். கண்ணாடி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. கனமான கண்ணாடியைச் சட்டென்று நிறுத்தினால் அதன் உதை உறைக்குத்தானே போகும்.

உறை என்றதும் ஒரு பழைய சண்டை ஞாபகம் வருகிறது. உலோக உறை உயர்ந்தது, பிளாஸ்டிக் மட்டம் என்பது கேமராக்காரர்களிடையே ஏறக்குறைய மத நம்பிக்கை. சத்தத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலுமினியம் விறைப்பானது, 70 கிகாபாஸ்கல். கண்ணாடி இழை சேர்க்காத பாலிகார்பனேட் 2.4தான். விறைப்பான உறை குறைவாக ஆடும், உண்மை. ஆனால் ஆடத் தொடங்கியதை விழுங்காது, அப்படியே கேமரா வரை ஏற்றி அனுப்பும். பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தால் விறைப்பு சுமார் மூன்று மடங்கு ஏறும், விழுங்கும் திறனும் உலோகத்தைவிட மேலாகவே இருக்கும். மெக்னீசியக் கலவையும் அலுமினியத்தைவிட நன்றாக விழுங்கும், எடையும் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே விலை குறைந்த பிளாஸ்டிக் லென்ஸ் இரைகிறது என்றால் முதல் சந்தேகம் உறை மேல் வர வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் கியரையும் இடைவெளியையும் பாருங்கள்.

கிரீஸைப் பற்றிச் சுருக்கமாக. பிசுபிசுப்பு அதிகமுள்ள கிரீஸ் கியர்ச் சத்தத்தை அமுக்கும் மந்திரம்தான். பல்லும் பல்லும் மோதும் முன் அது குறுக்கே நிற்கும். ஆனால் குளிரில் இறுகி மோட்டாரைத் திணற வைக்கும். எண்ணெய் பிரிந்து கசிந்தால், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். கண்ணில் பட்ட எண்ணெயை எல்லாம் பாலிகார்பனேட்டில் தடவினால் சில நாளில் மயிரிழை வெடிப்புகள் வரும். அழுத்தத்தில் இருக்கும் இடங்களில் அந்தப் பிளாஸ்டிக்குக்குச் சில எண்ணெய்களும் கரைப்பான்களும் ஆகாது. அசிட்டால் இந்த விஷயத்தில் தோல் தடித்தது. நான் கிரீஸில் கை வைக்கவில்லை.

கடைசியில் நான் செய்தது மிகச் சின்ன வேலை. ரப்பரை மோட்டாருக்கு அடியில் வைக்காமல், பாடிக்கொண்டிருந்த தகட்டின் முதுகில் ஒட்டினேன். துள்ளாத ரப்பர்ப் பசை பூசிய அலுமினியத் தாள் நாடா ஒன்று உண்டு, கார் கதவுகளுக்குள் ஒட்டுவதன் மெல்லிய வடிவம். தகடு வளையும்போது மேலே ஒட்டிய அலுமினியத் தாள் கூடவே நீள மறுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட பசைதான் இழுபட்டு நறுங்கும். ரப்பரைச் சும்மா தடவி விட்டால் அது தகட்டோடு சேர்ந்து ஆடிவிட்டுப் போகும். மேலே ஒரு கெட்டித் தாள் இருந்தால்தான் அதன் ஆற்றலைப் பிழிய முடியும். விறைப்பு, மென்மை, விறைப்பு என்று மூன்று அடுக்கு. மோட்டார் உலோகத்தோடு உலோகமாக, சாயாமல், பழைய இடத்திலேயே இறுக்கமாக நிற்கிறது. ஃபோகஸ் தேடி அலையவில்லை. வரைபடத்தில் பனைமரம் பாதிக்கும் கீழே இறங்கி மற்ற முட்களோடு முள்ளாகிவிட்டது.

பூஞ்சை லென்ஸில் சரியாக வந்ததும் நல்ல லென்ஸையும் திறந்து அதேபோல் ஒட்டினேன். தபால்தலையைவிடச் சின்ன ஒரு துண்டு நாடா. அதை ஒட்ட ஒன்பது திருகுகள், ஒரு ரிப்பன் கேபிள், மூச்சுவிடாத நாற்பது நிமிடங்கள். நடுவில் ஒரு ஸ்பிரிங் பறந்து கட்டிலுக்கடியில் போனதை இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை.

அடுத்த வாரம் அப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். அதே நாற்காலி, அதே கதைகள், இந்தத் தடவை வேறு முடிவுகளோடு. பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடம் தாண்டியது, ஐந்தாவது தாண்டியது. அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்று கேட்டது. அவர் முன்னால் சாய்ந்தவர் உடனே பின்னால் போனால், திசை மாறும் அந்த நொடியில் ஒற்றை 'டிக்'. படி அதிர்வு இல்லை அது. திருகாணியின் நட்டு இடைவெளியைத் தாண்டும் தட்டு. நட்டை ஒரு பக்கமாக அழுத்தி வைக்கும் ஸ்பிரிங் களைத்திருக்க வேண்டும். கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து மாட்டிய ஸ்பிரிங்கும் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பூஞ்சை லென்ஸில் அதன் ஜோடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒன்பது திருகுகள்.